லம்பக் குட்டைத் தண்ணீரை நீங்களே சோதிக்கலாம்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஈய லம்பக் குட்டை பச்சையும் நீலமுமாகத் தெளிந்து கிடக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் நல்லதுதானே?

சொல்ல முடியாது. ஈப்போ, பத்து காஜா, கம்பார் வட்டாரத்து ஏரிகளில் பல, வெள்ளீயம் தோண்டிய லம்பக் குழிகளில் நீர் நிறைந்து உண்டானவை. அந்தத் தாதுவோடு ஆர்சனிக் (நச்சுத் தனிமம்) சேர்ந்து வருவதுண்டு. நீரில் கரைந்த ஆர்சனிக்குக்கு நிறமில்லை, வாடையில்லை. அமில–காரத் தன்மை காட்டும் சாதாரண சோதனைப் பெட்டியிலும் அது தெரியாது. ஆகவே "இந்தக் குட்டை மீனைச் சாப்பிடலாமா?" என்று கேட்டால், ஆய்வகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு நாம் எதைத்தான் அளப்பது? மாறுவதை. தாமானிலிருந்து கசியும் கழிவுநீர், செம்பனைத் தோட்டத்து உரம், மழையில் கரைந்து வரும் மண் ஆகியவற்றை, நீரைத் தொடர்ந்து அளப்பவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

விலை உயர்ந்த கருவி வேண்டுமா? வேண்டாம். 20 செ.மீ. அகல வட்டத் தட்டை நான்கு பாகமாக்கி, கருப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசுங்கள். அடியில் கனம் கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரிதான் நீரின் தெளிவு. இதற்கு செக்கித் தட்டு என்று பெயர். 1865-இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி கடலில் சோதித்துப் பார்த்த முறை. கருப்புக் கண்ணாடி அணியாதீர்கள். நிழல் விழும் பக்கமாகப் பாருங்கள்.

கரைந்த ஆக்சிஜனை (மீன் சுவாசிக்க நீரில் கலந்திருக்கும் வாயு) அளக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பாசி மண்டிய குட்டையில் மதியம் அது ஏராளமாக இருக்கும். பாசி வெயிலில் அதை உற்பத்தி செய்கிறது. இரவு முழுக்கப் பாசியும் சேர்ந்து சுவாசிப்பதால் விடியலுக்கு முன் சரிந்துவிடும். மீன்கள் அதிகாலையில் செத்து மிதப்பது இதனால்தான். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து சுமார் 7.5 மில்லிகிராம்தான் பிடித்துவைக்கும். 5-க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும். எனவே எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளக்க வேண்டும். முடிந்தால் காலை ஏழு மணிக்கே போங்கள். செக்கித் தட்டுக்கு மட்டும் நல்ல வெளிச்சம் வேண்டும். அதைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அளந்தால் போதாதா? போதாது. நேற்று மழை பெய்ததா என்று எழுதாத அளவை நான் நம்பமாட்டேன்.

சுற்றுச்சூழல் துறை ஆறுகளின் தரத்தை ஆறு அளவுகளால் கணித்து ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. அவற்றில் கரைந்த ஆக்சிஜன், அமோனியா, அமில–காரத் தன்மை மூன்றையும் சோதனைப் பெட்டியால் ஓரளவு நாமே பார்க்கலாம். மற்றவற்றுக்கு ஆய்வகம் வேண்டும்.

ஆபத்து உண்டா? உண்டு. லம்பக் குட்டையின் கரை பல இடங்களில் ஓரடி தள்ளியதுமே செங்குத்தாக இறங்கும். இருவராகப் போங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள், சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். கையில் புண்ணிருந்தால் உறை போடுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

திடீரென மீன் செத்தால் யாரிடம் சொல்வது? சுற்றுச்சூழல் துறையிடம். நம் அளவை வைத்து யார்மீதும் குற்றம் சாட்ட முடியாது. அதிகாரிகள் தாங்களே நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆனால் தேதி, நேரம், இடம், படம், பழைய அளவுகள் எல்லாம் கையில் இருந்தால், எந்த மூலையில் நீர் எடுப்பது என்று அவர்களுக்குக் காட்டிவிடலாம். அன்றைக்கே கூப்பிடுங்கள், ஒரு பெரு மழை வந்தால் தடயம் போய்விடும்.