மருந்து ஏறுவதற்கு முன்

2019இல் கேரளத்தில் ஒரு பெண் மார்பில் கட்டியோடு கோட்டயம் அரச மருத்துவக் கல்லூரி வைத்தியசாலைக்குப் போனார். எடுத்த திசு இரண்டு இடங்களுக்குப் போனது: ஒன்று வைத்தியசாலையின் சொந்த ஆய்வுகூடம், மற்றது வெளியே ஒரு தனியார் கூடம். தனியார் ரிப்போர்ட் முந்திக்கொண்டு வந்தது, புற்றுநோய் என்று. அதை நம்பிக் கீமோ ஏற்றினார்கள், தலைமுடி கொட்டியது. பிந்தி வந்த சொந்த ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை. திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் நிலையமும் இல்லை என்றே சொன்னது. தனியார் கூடத்தைத் திட்டுவது சுலபம். இன்னொரு ரிப்போர்ட் வரவிருக்கும்போதே மருந்தை ஏற்றியதுதான் எனக்குப் பெரிய பிழையாகப் படுகிறது.

பயொப்சி ரிப்போர்ட்டை நாம் சீனி அளவைப் போல இயந்திரம் கக்கிய எண்ணாக எண்ணுகிறோம். உண்மையில் அது ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம். திசுவை ஃபோர்மலினில் ஊறவைத்து, மெழுகுப் பாளமாக்கி, தலைமயிரை விட மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாய்ச் சாயமேற்றுகிறார்கள். இதற்குள் பெயர்ச்சீட்டு மாறலாம். கட்டியின் ஓரம் மட்டும் வெட்டுப்பட்டிருக்கலாம். 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 115 நோயியல் நிபுணர்களிடம் மார்பகத் தகடுகளைக் கொடுத்தார்கள். பரவும் புற்றுநோயில் 96 வீதம் அவர்கள் கணிப்பு மூத்த நிபுணர் குழுவோடு ஒத்துப்போனது. புற்றுநோயும் இல்லாத, சாதாரணமும் இல்லாத இடைநிலை மாற்றத்திலோ 48 வீதம்தான். பிசகு மறுபக்கமும் நடக்கும். சயரோகம் மலிந்த எங்கள் பக்கத்து நாடுகளில் இருமலும் மெலிவும் எக்ஸ்ரே நிழலும் கண்டு, நுரையீரல் புற்றுநோயாளிக்கு மாதக்கணக்கில் சயரோக மருந்து கொடுத்த கதைகள் உண்டு. அங்கே பறிபோவது காலம்.

தகட்டை இன்னொரு நிபுணரை மறுபடி பார்க்கச் சொன்னால் சிகிச்சை பிந்தாதா என்று கேட்பார்கள். சில இரத்தப் புற்றுநோய்களில் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது, உண்மை. பெரும்பாலான கட்டிகளுக்குச் சில நாள் தாமதம் கேடு செய்யாது; மார்பகத்தை எடுத்த பிறகு திருப்பி வைக்கத்தான் முடியாது. சந்தேகத்தைக் கிளப்பினால் சனம் நாட்டு வைத்தியத்துக்கு ஓடிவிடும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். ஆனால் அந்த 96 வீதத்தைப் பாருங்கள்: தெளிவான புற்றுநோயில் இரண்டாவது பார்வை அநேகமாக முதலாவதையே உறுதிசெய்யும். இருவர் சொன்னதைக் கேட்டவர் கீமோ கதிரையில் அமரத் தயங்குவது குறைவு. ஓடுகிறவர், எவரும் விளங்கப்படுத்தாததால் ஓடுகிறவர்தான். திருகோணமலை லிங்கநகரில் இருப்பவருக்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலை 250 கிலோமீற்றருக்கு அப்பால், போய்வரும் செலவே ஒரு வியாதி என்பதும் சரி. ஆனால் பயணம் போக வேண்டியது நோயாளி அல்ல. மெழுகுப் பாளம் வருடக்கணக்கில் கெடாது. கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்தால் கொழும்பு இரவு பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடும்.