குண்டுக்கு அஞ்சாத கோவில்

சென்னைக் கோட்டைக்குள் ஒரு மாதா கோவில் இருக்கிறது. அதன் பெயர் செயிண்ட் மேரி தேவாலயம். அதற்கு வயது 340-க்கு மேல் ஆகிறது. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள ஆங்கிலத் திருச்சபைக் கோவில்களில் இதுவே மிகப் பழமையானது.

இந்தக் கோவிலில் இரண்டு புதுமைகள் உண்டு.

ஒன்று, அதன் பழைய கூரையில் மரமே கிடையாது.

மற்றொன்று, அதன் முற்றத்தில் கல்லறைக் கற்கள் வரிசை வரிசையாகப் பதிந்து கிடக்கின்றன. ஆனால் அந்தக் கற்களுக்கு உரியவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்கள் அல்ல!

இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது யுத்தம்!

கவர்னர் போட்ட பிள்ளையார் சுழி

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றது 1639-ம் ஆண்டு. வியாபாரத்துக்கு வந்தவர்கள் கோட்டை கட்டினார்கள். கிடங்கு கட்டினார்கள். ஆனால் சுமார் 40 ஆண்டு வரை அவர்களுக்கென்று தனிக் கோவில் இல்லை. கோட்டைக்குள் இருந்த ஓர் அறையிலேயே ஜெபம் நடந்துவந்தது.

1678-ல் ஸ்ட்ரேன்ஷாம் மாஸ்டர் என்பவர் கவர்னராக வந்தார். கோவில் கட்டியே தீருவது என்று அவர் முடிவு செய்தார். லண்டனில் இருந்த கம்பெனி முதலாளிகளின் பணத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. கோட்டையில் இருந்த ஆங்கிலேயரிடமே நன்கொடை திரட்டினார்.

அந்த ஆண்டு மார்ச் 25-ந் தேதி வேலை தொடங்கியது. தேவதூதர் மரியாளுக்கு நற்செய்தி சொன்ன திருநாள் அது. அதனால்தான் கோவிலுக்கு மேரியின் பெயர் வந்தது.

1680 அக்டோபர் 28-ந் தேதி கோவில் பிரதிஷ்டை ஆயிற்று. கோட்டைப் பீரங்கிகள் முழங்கின. துப்பாக்கி வேட்டுகள் அதிர்ந்தன. பின்னால் வரப்போகும் சோதனைகளுக்கு அது ஓர் அறிகுறி போலவே இருந்தது!

மரம் இல்லாத கூரை

அந்தக் காலத்தில் சென்னையில் மெத்தை வீடு எப்படிக் கட்டினார்கள்? தேக்கு உத்தரங்களைக் குறுக்கே போடுவார்கள். அவற்றின் மேல் செங்கல்லை அடுக்குவார்கள். அதற்கு மேல் சுண்ணாம்புச் சாந்து போட்டுத் தளம் அமைப்பார்கள்.

வீட்டுக்கு இது போதும். ஆனால் கோட்டைக்குப் போதுமா? எதிரியின் குண்டு விழுந்தால் உத்தரம் முறியும். தீப் பிடித்தால் உத்தரம் எரியும். கூரை அப்படியே உள்ளே இருப்பவர்கள் தலைமேல் விழும்.

இந்த அபாயத்தை நன்கு அறிந்த ஒருவரே கோவிலுக்குத் திட்டம் போட்டார். அவர் கோட்டையின் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர் என்று சொல்வார்கள். சுவரை இடிக்கத் தெரிந்தவருக்குத்தானே இடியாத சுவரைக் கட்டவும் தெரியும்!

அவர் மரத்தை ஒதுக்கினார். செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு கூரையை வளைவாக எழுப்பினார். மாட்டு வண்டியின் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வடிவம்தான். நடுவில் பெரிய கூண்டு ஒன்று. இரு பக்கமும் சிறிய கூண்டு ஒவ்வொன்று. ஆக மூன்று கூண்டுகள் பக்கம் பக்கமாகக் கோவிலை மூடி நிற்கின்றன. கூரையின் கனம் 2 அடி!

வளைந்த கூரைக்கு ஒரு குணம் உண்டு. அது தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். சுவர் மெலிந்திருந்தால் வெளியே சாய்ந்துவிடும். அதனால் வெளிச்சுவர்களை 4 அடி கனத்தில் கட்டினார்கள். இரு பக்கத்துச் சிறிய கூண்டுகளும் நடுக்கூண்டுக்கு முட்டுக் கொடுக்கின்றன.

கோவிலின் நீளம் 86 அடி. அகலம் 56 அடி. பெரிய கோவில் என்று சொல்ல முடியாது. ஆனால் உறுதியில் அது ஒரு சின்னக் கோட்டை!

மணிக்கோபுரம் கோவிலோடு சேர்ந்து பிறந்தது அல்ல. அது 1701-ம் ஆண்டு வாக்கில் எழுந்தது.

சோதனை வந்தது

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு சமாதான உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் பகை தீரவில்லை.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும் படையுடன் வந்து கோட்டையை முற்றுகையிட்டார். இரண்டு மாதம் குண்டு மழை பொழிந்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து சேர்ந்தன. லாலி முற்றுகையை விட்டுப் பின்வாங்கினார்.

கோட்டைக்குள் பல கட்டிடங்கள் நொறுங்கிப் போயின. கோவிலின் வளைவுக் கூரையோ நிலைத்து நின்றது. 80 ஆண்டுக்கு முன் போட்ட கணக்குத் தப்பவில்லை!

ஊர் மாறிய கற்கள்

ஆனால் அந்த முற்றுகை வேறு ஒரு பாடத்தைக் கற்பித்தது.

ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில் இருந்தது. அங்கே உயரமான சமாதிகள் பல இருந்தன. பிரெஞ்சு வீரர்கள் அந்தச் சமாதிகளின் மறைவில் பதுங்கிக்கொண்டு கோட்டையைத் தாக்கினார்கள். செத்தவர்களுக்கு எழுப்பிய கட்டிடம் எதிரிக்குக் கேடயமாகிவிட்டது!

முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் அந்தச் சமாதிகளைத் தரைமட்டமாக்கினார்கள். பெயர் வெட்டிய கற்களை மட்டும் பெயர்த்து எடுத்துவந்து கோவில் முற்றத்தில் பதித்தார்கள். கல் இங்கே; கல்லுக்கு உரியவர் அங்கே!

சமாதிகளில் ஒன்றிரண்டு மட்டும் தப்பின. அவற்றில் ஒன்றில் துயில்பவன் டேவிட் என்ற நாலு வயதுப் பாலகன். பின்னால் அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகத்துக்குத் தன் பெயரைத் தந்த கவர்னர் எலிஹு யேலின் மகன் அவன்.

முற்றத்துக் கற்களில் பழமையானது 1652-ம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது இங்கே கம்பெனியின் தலைவராக இருந்த ஆரோன் பேக்கரின் மனைவி எலிசபெத்தின் பெயர் அதில் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் அல்ல. லத்தீன், போர்த்துக்கீசு, ஆர்மீனிய எழுத்துக்களும் இந்தக் கற்களில் உண்டு. எந்தெந்த நாட்டில் இருந்தெல்லாம் மனிதர்கள் சென்னைக்குப் பிழைக்க வந்தார்கள் என்பதற்கு இந்த முற்றமே சாட்சி.

இங்கு வந்த பிறகும் கற்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1782-ல் ஹைதர் அலியுடன் யுத்தம் நடந்தபோது அவற்றில் பலவற்றைப் பெயர்த்தார்கள். எதற்கு? பீரங்கிகளை நிறுத்துவதற்கு மேடை போட! யுத்தம் ஓய்ந்த பிறகே அவை மீண்டும் முற்றத்துக்கு வந்தன.

சமாதானத் தூதர்

அதே ஹைதர் அலியிடம் 1779-ல் ஆங்கிலேயரின் தூதராகச் சென்றவர் ஒரு பாதிரியார். அவர்தான் தஞ்சைக்காரர்கள் மறக்க முடியாத சுவார்ட்ஸ் ஐயர். ஆங்கிலேயரை நம்பாத ஹைதர் அலி அவரை நம்பினார். ஆனாலும் யுத்தத்தைத் தடுக்க அவரால் முடியவில்லை. சுவார்ட்ஸ் 1798-ல் தஞ்சையில் காலமானார். கம்பெனியார் அவருக்கு எழுப்பிய சலவைக்கல் நினைவுச் சின்னத்தை இந்தக் கோவிலுக்குள் காணலாம்.

தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் கம்பீரமாக வீற்றிருக்கும் மன்றோவைத் தெரியாத சென்னைவாசி உண்டா? கவர்னராக இருந்த அவர் 1827-ல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். அவரது உடல் பிற்பாடு கொண்டுவரப்பட்டு இந்தக் கோவிலுக்குள் அடக்கம் செய்யப்பட்டது.

சாவு மட்டும்தானா? கல்யாணங்களும் இங்கே நடந்தன. கோவில் பிரதிஷ்டையாகி ஒரு வாரத்தில் நடந்த முதல் கல்யாணம் எலிஹு யேலுடையது. 1753 பிப்ரவரி 18-ந் தேதி ராபர்ட் கிளைவ் இங்கே மாலை மாற்றிக்கொண்டார். அதை நடத்திவைத்தவர் பெப்ரீசியுஸ் பாதிரியார். பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். 1779-ல் தமிழ் அகராதி வெளியிட்டவர் அவரே.

இன்று

கோட்டையில் இப்போது கம்பெனியும் இல்லை. கவர்னர் மாளிகையும் இல்லை. தமிழ்நாட்டின் சட்டசபையும் தலைமைச் செயலகமும் அங்கே நடக்கின்றன. மனுவோடு வருகிறவர்களும், பைலோடு விரைகிறவர்களும் கோவிலைத் தாண்டிப் போகிறார்கள். கோவில் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. வழிபாடு தொடர்ந்து நடந்துவருகிறது.

கூரைக்கு இனிக் குண்டுப் பயம் இல்லை. வெயிலையும் மழையையும் தாங்கினால் போதும். ஆனால் முற்றத்துக் கற்களுக்கு அந்த வெயிலும் மழையுமே எதிரி. நடப்பவர்களின் காலும் எழுத்தைத் தேய்க்கிறது. சமாதியை இழந்த அந்த மனிதர்களுக்கு மிச்சம் இருப்பது அந்த எழுத்து ஒன்றுதான்.

குழந்தைகளோடு கோட்டைக்குப் போகிறவர்கள் அங்கே சற்று நின்று, குனிந்து, ஒரு கல்லையாவது படித்துப் பார்க்கலாம். 2 அடி கனக் கூரை குண்டைத் தாங்கியது. கல்லில் வெட்டிய பெயர், படிக்கிற மனிதர் இருக்கும் வரைதான் நிற்கும்!