கூட்டுக் கற்றலும் எண்ணிமத் தொழில்நுட்பமும்: காசநோய்க் கிருமியைப் படித்த மாணவர்கள்

கூட்டுக் கற்றல் என்பது, ஒரே பணியைப் பலர் தமக்குள் பகிர்ந்துகொண்டு, ஒருவருக்கு ஒருவர் விளக்கியும் திருத்தியும் கற்கும் முறையாகும். குழுவாக உட்கார்ந்து படிப்பதெல்லாம் கூட்டுக் கற்றல் ஆகிவிடாது. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் எழுதியதை மற்ற மூவரும் பார்த்து எழுதினால் அதற்கு வேறு பெயர் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் மற்றவர்களுக்குத் தேவையான ஒரு துண்டு இருக்க வேண்டும். அந்தத் துண்டு வராமல் முழுப் பணி முடியக் கூடாது. அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய 'ஜிக்சா' வகுப்பு இந்த அடிப்படையில் அமைந்ததே.

தனியாகச் செய்ய முடியாததை, சற்றுக் கூடுதலாக அறிந்த ஒருவரின் துணையோடு மாணவர் செய்துவிடுகிறார். பின்னர் அதுவே அவருக்குத் தனியாகவும் கைவந்துவிடுகிறது. இக்கருத்தை முன்வைத்தவர் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. அவர் 1934இல் தம் 37ஆம் வயதில் காசநோயால் இறந்தார். இக்கட்டுரையில் சொல்லப்படும் கூட்டுப் பணியும் காசநோயைப் பற்றியதே.

உயர்கல்வியில் ஆய்வு என்பது பெரும்பாலும் தனியாள் வேலையாகவே இருந்து வருகிறது. முதுகலை மாணவர் ஒரு தலைப்பை எடுக்கிறார், ஆய்வேட்டை எழுதுகிறார், பைண்டு செய்து கொடுக்கிறார். அது துறை அலமாரியில் போய் நிற்கிறது. அடுத்த ஆண்டு வேறொருவர் ஏறத்தாழ அதே தலைப்பில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். உழைப்பு வீணாகிறது என்பதைவிட, ஒருவர் கற்றது அடுத்தவரிடம் போய்ச் சேரவில்லை என்பதே இதில் பெரிய இழப்பு. இணையத்தின் உதவியோடு இந்த வழக்கத்தை மாற்றிப் பார்த்த இந்திய முயற்சி ஒன்று 2009–10இல் நடந்தது.

பின்னணி

காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகை 1998இல் வெளியிடப்பட்டது. இங்கிலாந்தின் சாங்கர் மையமும் பாரிசின் பாஸ்டர் நிறுவனமும் சேர்ந்து செய்த பணி அது. ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள். ஒரு பெரிய நூல் கையில் கிடைத்தது. ஆனால் அதன் சொற்களுக்குப் பொருள் முழுமையாகத் தெரியவில்லை. அப்போது, கணிக்கப்பட்ட புரதங்களில் 40 விழுக்காட்டுக்குத்தான் துல்லியமான பணியைச் சொல்ல முடிந்தது.

பொருள் தெரியாமல் மருந்து தேடுவது கடினம். எந்தப் புரதத்தைத் தடுத்தால் கிருமி சாகும், எதைத் தடுத்தால் நோயாளிக்குப் பக்கவிளைவு வரும் என்பதை அறிய, ஒவ்வொரு மரபணுவும் என்ன செய்கிறது, எதனோடு சேர்ந்து செய்கிறது என்ற விவரம் வேண்டும். அந்த விவரங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் சிதறிக் கிடந்தது. கணினி நிரலால் அவற்றைத் தேடி எடுக்க முடியும். ஆனால் ஒரு கட்டுரை ஒன்றை நிரூபித்திருக்கிறதா, வெறுமனே ஊகித்திருக்கிறதா என்பதைப் படித்துப் பார்த்துப் பிரித்தறிய அன்று மனிதக் கண்தான் வேண்டியிருந்தது.

இந்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்., 2008 செப்டம்பரில் 'திறமூல மருந்து கண்டுபிடிப்பு' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அப்போதைய தலைமை இயக்குநர் சமீர் பிரம்மச்சாரி அதை முன்னின்று நடத்தினார். அத்திட்டத்தின் ஒரு பகுதியாக வந்ததே 'கனெக்ட் டு டிகோட்'. 'இணைந்து பொருள் காண்போம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். பல கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்து நூற்றுக்கணக்கான மாணவர்களும் ஆய்வாளர்களும் இணையம் வழியாக இதில் சேர்ந்தனர்.

ஒரு மரபணுவுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?

மாணவர்கள் செய்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு மரபணுவை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் 'கேட்-ஜி'; பட்டியல் எண் ஆர்வி 1908சி. காசநோய்க்கு 1952 முதல் தரப்படும் ஐசோனியசிட் மாத்திரை, விழுங்கும் நிலையில் மருந்தே அன்று. கிருமிக்குள் நுழைந்த பிறகு, இந்த மரபணு உண்டாக்கும் நொதிதான் அதை மருந்தாக மாற்றுகிறது. கிருமி தன் சாவுக்குத் தானே மருந்து அரைத்துக்கொள்கிறது எனலாம். கேட்-ஜி பழுதடைந்த கிருமியிடம் அரைக்கும் அம்மி இல்லை. ஆகவே மாத்திரை பலிப்பதில்லை. இந்தத் தொடர்பு 1992இல் வெளியான ஓர் ஆய்வில் நிறுவப்பட்டது.

இதைக் குறித்து வைக்கும் மாணவர் என்ன எழுத வேண்டும்? மரபணுவின் பெயரும் எண்ணும், அது உண்டாக்கும் புரதம், அப்புரதம் வேறு எந்தப் புரதத்தோடு எவ்வகையில் தொடர்புடையது, இதைச் சொல்லும் கட்டுரை எது, சான்று ஆய்வகச் சோதனையா கணினிக் கணிப்பா. பார்வைக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்து எழுதக்கூடிய ஓர் இணைய விரிதாளில் ஒரு வரிசை, அவ்வளவுதான். அந்த ஒரு வரிசையை நிரப்ப மூன்று நான்கு கட்டுரைகளைப் படிக்க வேண்டியிருக்கும். முதல் கட்டுரையைப் படிக்கும் மாணவருக்குப் பாதி சொற்கள் புரியாது. அங்கேதான் கூட்டு வேலை செய்கிறது: கேள்வியைக் கேட்டால், எங்கோ ஓர் ஊரில் இருக்கும், நேரில் பார்த்தே இராத இன்னொரு மாணவர் பதில் சொல்வார். ஒருவர் எழுதிய வரிசையை மற்றொருவர் மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். துறை அறிந்தவர்கள் அதற்கும் மேல் பார்ப்பார்கள்.

யார், எப்போது, எதை எழுதினார் என்பதைத் திட்டத்தின் இணையதளம் பதிந்து வைத்தது. சிறு பங்களிப்புக்கும் பெயர் உண்டு என்ற இந்த ஏற்பாடு, கருவிகள் எல்லாவற்றையும்விட முக்கியமானது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் கயிறு இழுக்கும் சோதனை ஒன்றை நடத்தி 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது, தனியாக இழுத்தபோது காட்டிய வலுவில் ஏறத்தாழ பாதியைத்தான் ஒவ்வொருவரும் காட்டினர். ஊர் கூடித் தேர் இழுக்கிற நாட்டில் இது புதிய செய்தியல்ல. வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கல்லூரிக் குழுப்பணி பெரும்பாலும் கெட்டுப்போவதும் இதனால்தான்: எல்லோருக்கும் ஒரே மதிப்பெண், யார் செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. விரிதாளின் திருத்த வரலாறு அதைத் தெரிய வைக்கிறது.

விளைவும் எல்லையும்

இப்பணியின் அடிப்படையில் 2012 ஜூலையில் 'பிளாஸ் ஒன்' என்ற திறந்த அணுக்க ஆய்விதழில் கட்டுரை ஒன்று வெளியானது. 1,434 புரதங்களையும் அவற்றிடையே 2,575 தொடர்புகளையும் கொண்ட வரைபடத்தை அது முன்வைத்தது. கிருமியின் மரபணுத்தொகையில் 87 விழுக்காட்டுக்கு ஏதேனும் ஒரு செயல் விளக்கம் தர முடிந்தது. மருந்துக்கு இலக்காகக்கூடிய 17 புரதங்கள் பரிந்துரைக்கப்பட்டன. அவற்றில் ஐந்து ஏற்கெனவே ஆய்வகங்களில் உறுதி செய்யப்பட்டவை.

காசநோய்க் கிருமியின் மரபணு வரிசையை இந்திய மாணவர்கள் கண்டறிந்தார்கள் என்று இதைச் சொல்வது பிழை. வரிசை 1998இலேயே கிடைத்துவிட்டது. மாணவர்கள் செய்தது பொருள் தொகுப்பு. அந்த 17 இலக்குகளிலிருந்து புதிய மருந்து எதுவும் மருந்துக்கடைக்கு வரவும் இல்லை. வரைபடம் எங்கே தோண்டலாம் என்று காட்டும். தோண்டுவதற்குச் சோதனைக்கூடமும் பணமும் பல ஆண்டுகளும் வேண்டும். உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருக்கும்போது, இந்த இடைவெளி சிறியதன்று.

கற்றல் என்ற அளவில் கணக்கு வேறு. இதில் பங்கேற்ற மாணவர் ஆய்வுக் கட்டுரையைச் சந்தேகத்தோடு படிக்கக் கற்றார். தாம் எழுதிய வரியை முன்பின் தெரியாத ஒருவர் திருத்துவதைத் தாங்கிக்கொள்ளவும் கற்றார். இரண்டாவதை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தருவதில்லை.

சோதனைக்கூடம் இல்லாத கல்லூரிக்கு

இத்தகைய பணிக்கு உயர்தரச் சோதனைக்கூடம் தேவையில்லை என்பதால், சென்னையின் மேற்கே முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம், ஆவடி போன்ற பகுதிகளிலிருந்து மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய்வரும் மாணவருக்கும் இது எட்டக்கூடியது. கணினி ஒன்றும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். விரிதாளைக் கைப்பேசியில் நிரப்புவது சிரமம், படிப்பதற்கு மட்டும் கைப்பேசி உதவும். கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் கட்டுரைகள் இப்போது 2010ஐவிட அதிகம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் திறந்தே கிடக்கின்றன.

தொடங்க விரும்பும் ஆசிரியர் கவனிக்க வேண்டியவை சில. பணியைத் தனித்தனித் துண்டுகளாக உடைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு துண்டை ஒருவர் எழுதினால் இன்னொருவர் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பவருக்கும் மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. கட்டுரையின் சுருக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டுவது எளிது என்பதால், சொந்தச் சொற்களில் ஒரு வரி எழுதச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. புரியாமல் அதை எழுத முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகளை வெளியிட்டுள்ளது. ஆனால் மென்பொருள் காட்டும் விழுக்காடு, மாணவர் புரிந்துகொண்டாரா என்பதைச் சொல்லாது.

படிப்பதற்கான பொருளும் பக்கத்திலேயே உண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இப்போதைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1959இல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. மருத்துவமனையில் படுக்க வைத்துத் தரும் சிகிச்சைக்கும், வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிடும் சிகிச்சைக்கும் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று அது காட்டியது. உலகெங்கும் காசநோயாளிகளைத் தனி விடுதிகளில் அடைத்து வைக்கும் வழக்கம் மாற அது ஒரு முக்கியக் காரணம். அங்கே தரப்பட்ட மாத்திரைகளில் ஒன்று ஐசோனியசிட். கேட்-ஜி பழுதானால் பலிக்காமல் போகும் மாத்திரை அதுதான்.