எல்லாரும் எழுதும் ஒரே கோப்பு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயோடு சேர்ந்து வளர்ந்த பகுதி. மலாயா ரயில்வேயில் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் அங்கே குடியிருந்தார்கள். அந்தக் கால நிலைய அதிபருக்கு நன்கு பழக்கமான பொருள் டோக்கன். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒற்றைத் தண்டவாளம்தான் இருக்கிறது என்றால், அந்தத் துண்டுக்குரிய உலோகச் சாவி கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க முடியாது. அதற்கான கருவி ஒரு நேரத்தில் ஒரு சாவியைத்தான் வெளியே விடும். சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரைகூட இந்தச் சாவி கை மாறிக்கொண்டிருந்தது.

மென்பொருள் எழுதுகிறவர்களும் நெடுநாள் இப்படித்தான் வேலை செய்தார்கள். பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972ல் எழுதிய எஸ்சிசிஎஸ், பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் எழுதிய ஆர்சிஎஸ், இரண்டுமே கோப்பின் ஒவ்வொரு பழைய வடிவத்தையும் காப்பாற்றி வைத்தன. யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் பதிவானது. ஆனால் ஒருவர் கோப்பைப் பூட்டி எடுத்துவிட்டால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். பூட்டியவர் திறக்க மறந்து லீவில் போய்விட்டால் அலுவலகத்தில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பூட்டை எடுத்தெறிய வைத்தது வேலை நேரம். ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் என்ற விரிவுரையாளர் இரண்டு மாணவர்களோடு ஒரு கம்பைலரை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் அலுவலகக்காரர்போல ஒன்பதிலிருந்து ஐந்து வரை. இன்னொருவர் வந்தால் உண்டு. விரிவுரையாளருக்கு மாலையில்தான் நேரம். மூவரும் ஒருவருக்கொருவர் காத்திருக்காமல் ஒரே நிரலைத் திருத்துவதற்காக அவர் எழுதிய சிறு கட்டளைத் தொகுப்புதான் 1986ல் வெளிவந்த சிவிஎஸ். மூலப்படி ஒரு சர்வரில் இருக்கும். ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு இஷ்டம்போல் திருத்தலாம். திருப்பி அனுப்பும்போது இருவரும் வெவ்வேறு வரிகளைத் தொட்டிருந்தால் கருவியே சேர்த்துவிடும். ஒரே வரியைத் தொட்டிருந்தால்தான் மனிதர் உட்கார்ந்து தீர்க்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டை நேரடியாகச் சார்ந்திருக்கும் தமிழ் வேலை ஒன்று உண்டு: மென்பொருளைத் தமிழாக்குவது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் கணிமை பெரும்பாலும் தனி ஆள் முயற்சியாகத்தான் தொடங்கியது. முத்து நெடுமாறன் 1980களில் ஆரம்பித்த முரசு என்ற தமிழ் மென்பொருள் அதற்கு நல்ல உதாரணம். கோலாலம்பூரில் 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்துக்குள் லினக்ஸும் வந்துவிட்டது. ஒரு முழு இயங்குதளத்தின் மெனுக்களையும் பிழைச்செய்திகளையும் தமிழாக்குவது தனி ஆளால் ஆகிற காரியமல்ல. 1996ல் ஜெர்மனியில் பிறந்த கேடிஇ என்ற லினக்ஸ் மேசைத்தளத்தைத் தமிழாக்கப் பல நாட்டுத் தமிழர்கள் கைகொடுத்தார்கள். சென்னையில் ‘ழ கணினி’ என்ற பெயரிலேயே ஒரு முயற்சி நடந்தது. இவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்தவர்கள் அல்ல. அவர்களுடைய வேலை ஒன்றுசேர்ந்த இடம், மூலப்படி இருந்த சர்வர்தான்.

கேடிஇ முதலில் சிவிஎஸ்ஸில் இருந்தது. 2005 மே மாதம் சப்வர்ஷனுக்கு மாறியது. சிவிஎஸ்ஸின் குறைகளைக் களைவதற்கென்றே 2000ல் தொடங்கி, 2004 பிப்ரவரியில் முதல் முழுப் பதிப்பு கண்ட கருவி அது. அதில் ஒவ்வொரு மாற்றமும் முழுத் தொகுப்புக்கும் பொதுவான ஒரு வரிசை எண்ணைப் பெறும். 2009 ஜூலையில் கேடிஇயின் எண் பத்து லட்சத்தைத் தொட்டது.

மொழிபெயர்ப்புக் கோப்பு பார்க்கச் சாதுவானது. மேலே ஆங்கில வரி, கீழே தமிழ் வரி. இதுவே ஆயிரக்கணக்கில் நீளும். கிள்ளானில் ஒருவர் முப்பதாவது வரியில் ‘அடைவு’ என்பதைக் ‘கோப்புறை’ ஆக்குகிறார். யாழ்ப்பாணத்தில் இன்னொருவர் எண்ணூறாவது வரியைத் திருத்துகிறார். கருவி தானாகச் சேர்த்துவிடும் என்றுதானே தோன்றும்? சேர்க்காது. கோப்பின் தலைப்பில் கடைசியாகத் திருத்தியவர் பெயரும் திருத்திய நேரமும் இருக்கின்றன. மொழிபெயர்ப்புச் செயலி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அந்த வரிகளைத் தானே மாற்றி எழுதுகிறது. ஆக, இருவரும் ஒரே வரியைத் தொட்டவர்களாகிவிடுகிறார்கள். பின்னால் அனுப்பியவரின் கோப்பில் ஏழு கோணக்குறிகள் வரிசையாக முளைத்து, ‘உன்னுடையது இது, சர்வரில் இருப்பது இது’ என்று இரண்டு வடிவங்களும் அடுத்தடுத்து நிற்கும். அதனால் மொழிபெயர்ப்புக் குழுக்கள் பூட்டைக் கட்டாயமாக்காத கருவியில் வாய்ச்சொல்லால் பூட்டு போடுகின்றன: “இந்தக் கோப்பை நான் எடுத்திருக்கிறேன், யாரும் தொடாதீர்கள்.” நிலைய அதிபரின் சாவி மின்னஞ்சலாகத் திரும்பி வந்த கதை.

மையம் ஒன்றே என்பதன் பலவீனமும் ஒருமுறை வெளிப்பட்டது. 2006 டிசம்பர் 26ஆம் தேதி தைவானின் ஹெங்சுன் அருகே நிலநடுக்கம் வந்து கடலடிக் கேபிள்கள் அறுந்தன. மலேசியாவிலும் இணையம் நாள்கணக்கில் தவழ்ந்தது. சப்வர்ஷன் ஒரு சுத்தமான நகலைப் பயனர் கணினியில் ஒளித்து வைத்திருக்கும். எதை மாற்றினோம் என்று பார்க்கவும், வேண்டாம் என்று பழையபடி ஆக்கவும் அது போதும். வேலையைச் சர்வரில் சேர்க்கவோ பழைய வரலாற்றைப் படிக்கவோ இணைப்பு இல்லாமல் முடியாது.

லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கிட் இதற்கு மாற்று. அதில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். கேடிஇயும் தன் நிரல்களை 2010 வாக்கில் தொடங்கிக் கிட்டுக்கு மாற்றியது. எல்லாரிடமும் நகல் இருக்கும்போது இனி என்ன பயம்? 2013 மார்ச்சில் கேடிஇயின் முதன்மைச் சர்வரில் கோப்பமைப்பு கெட்டது. கண்ணாடிப்படிகளாக இருந்த மற்றச் சர்வர்களும் அந்தச் சேதத்தை விசுவாசமாக நகலெடுத்துக்கொண்டன. சுமார் 1,500 தொகுப்புகள் போயிருக்க வேண்டியவை. அப்போதுதான் நிறுவப்பட்டிருந்த ஒரு சர்வரில் மட்டும் நல்ல படி தப்பியிருந்தது. நகல் எடுப்பது வேறு, காப்புப்படி வைப்பது வேறு என்று அன்றைக்குப் பலருக்கு உறைத்தது.

சைபர்ஜெயாவிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் மென்பொருள் எழுதும் இளைஞர்களிடம் கேட்டால் சப்வர்ஷனா, அது தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்பார்கள். ஆனால் கிட் பயன்படுத்துகிறவர்களும் நடைமுறையில் கிட்ஹப் தளத்தில் ஒரே ஒரு முகவரியைத்தான் மூலப்படியாக வைத்திருக்கிறார்கள். அது ஒரு மணி நேரம் படுத்தால் கைகட்டி உட்கார்ந்திருப்பதும் அவர்களே. கூகுளின் கதை இன்னும் வெளிப்படை. அந்த நிறுவனம் தன் பெரும்பாலான நிரல்களை ஒரே மையத் தொகுப்பில் வைத்திருக்கிறது. 2015 ஜனவரி கணக்குப்படி 86 டெராபைட், சுமார் 200 கோடி வரிகள், 25,000க்கும் மேற்பட்ட பொறியாளர்கள்.

கேடிஇயின் நிரல்கள் கிட்டுக்குப் போன பின்னும் மொழிபெயர்ப்புகள் மட்டும் சப்வர்ஷனிலேயே தங்கிவிட்டன. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். சப்வர்ஷனில் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளை விட்டுவிட்டுத் தமிழ்க் கோப்புறையை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். கிட் இயல்பாகவே முழுத் தொகுப்பையும் வரலாற்றோடு தலையில் கட்டும். மொழிபெயர்ப்பாளர்களில் பலர் நிரலாளர்கள் அல்ல. ஆசிரியர்களும் மாணவர்களும் உண்டு. இரண்டு மூன்று கட்டளைகளோடு அவர்களுக்கு வேலை முடிகிறது. கிட்டில் புதிதாகச் சேர்ந்த ஆங்கில வரிகளைத் திரட்டி ஒவ்வொரு மொழிக் கோப்பிலும் செருகி வைப்பது ஸ்கிரிப்டி என்ற தானியங்கி நிரலின் அன்றாட வேலை. தமிழ்க் கோப்புறையில் காலியான வரிகளை அதுவே கொண்டுவந்து போடுகிறது. நிரப்ப விரும்பும் கிள்ளான்காரருக்கு முதல் நாளே சர்வரில் எழுதும் உரிமை கிடைக்காது. ஒரு கோப்பை எடுத்திருப்பதாகக் குழுவிடம் சொல்லிவிட்டு, முடித்ததும் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்துச் சேர்ப்பார்.