நீள அயர்ன் ஏன் நம்ம பேச்சைக் கேட்க மாட்டேங்குது?

1950 யு.எஸ். ஓப்பன், மெரியன் மைதானம், கடைசி நாளின் 18-வது குழி. பென் ஹோகன் 1-அயர்னால் அடித்து முடித்து, பந்து போகும் திசையைப் பார்த்து நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம். கோல்ஃப் பக்கம் எட்டிப் பார்த்த யாரும் அதைத் தவறவிட்டிருக்க மாட்டீர்கள். பதினாறு மாதம் முன்னால்தான் அவர் காரில் ஒரு பஸ் மோதி, மறுபடி நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அந்தக் குழியில் பார் எடுத்து சமன் செய்தார், மறுநாள் பிளேஆஃபில் ஜெயித்தார். எனக்கு மட்டும் அந்தப் படத்தைப் பார்த்தா கடுப்பாத்தான் இருக்கும். அவருக்கு 1-அயர்ன் வந்தது, எனக்கு 4-அயர்ன்கூட வரலையே!

"இன்னும் பலமா அடிங்க சார்" என்று ஒருத்தர் சொன்னார். அடித்தேன். முதுகு வலி வந்தது, பந்து வரவில்லை. சரி, கணக்கைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

அயர்னில் எண் குறையக் குறைய முகத்தின் சாய்வு குறையும், தண்டு எண்ணுக்கு அரை அங்குலம் போல நீளும். பழைய செட்டுகளில் 7-அயர்ன் சாய்வு 34 டிகிரி அளவில், 3-அயர்ன் 21 டிகிரி அளவில். சாய்வு குறைந்தால் பின்சுழற்சி குறையும். பந்தைக் காற்றில் தாங்குவதே அந்தப் பின்சுழற்சிதான். பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரர்களின் டிராக்மேன் சராசரியில் 7-அயர்ன் பந்து நிமிஷத்துக்கு 7,000 சுற்று போல சுழலும். 3-அயர்னில் சுமார் 4,600 தான். ஆனாலும் இரண்டுமே ஏறக்குறைய 30 கெஜ உயரம் போகின்றன, ஏனென்றால் அவர்கள் 3-அயர்னை மணிக்கு 98 மைல் வேகத்தில் வீசுகிறார்கள். சுழற்சியில் குறைந்ததை வேகம் ஈடுகட்டிவிடுகிறது. நம்மிடம் அந்த வேகம் கிடையாது.

இரண்டாவது சிக்கல் வளைவு. கிளப் போகும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் 4 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் சுழல் அச்சு எவ்வளவு சாயும் என்பது, தோராயமாக, அந்த 4-ஐ முகச் சாய்வும் இறங்கு கோணமும் சேர்ந்த அளவோடு ஒப்பிட்டால் தெரியும். அது 30 ஆக இருந்தால் அச்சு 8 டிகிரிக்குள் சாயும். 20 ஆக இருந்தால் 11 டிகிரி. தப்பு அதே தப்புதான், தண்டனை மட்டும் பெரிசு. போதாக்குறைக்கு பந்து அதிக தூரம் வேற போகுது.

ஆனால் என் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது தெரிந்த வில்லன் இது ரெண்டுமே இல்லை. நிமிர்ந்த முகத்தைப் பார்த்ததும் "இது பந்தைத் தூக்காது" என்று மனசு முடிவு பண்ணிவிடுகிறது. உடனே கை பந்தைக் கோரித் தூக்கப் பார்க்கிறது, உடம்பு பின்காலிலேயே தங்கிவிடுகிறது. வீச்சின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடும். விளைவு, ஒன்று மண், இல்லையென்றால் பந்தின் மண்டையில் ஒரு தட்டு. டூர் ஆட்டக்காரர்கள் 3-அயர்னில்கூட சுமார் 3 டிகிரி கீழ்நோக்கித்தான் அடிக்கிறார்கள். பந்து மேலே போக, கிளப் கீழே போகணும்!

எனக்கு உதவியவை சில. பந்தை 7-அயர்னுக்கு வைக்கும் இடத்தைவிட ஒன்றிரண்டு பந்து அகலம் முன்காலை நோக்கி வைப்பது. டீயைப் புல் மட்டத்துக்கு அழுத்தி, அதன்மேல் பந்தை வைத்துப் பழகுவது, தூக்கணும் என்கிற பயம் அதில் மெல்லப் போய்விடும். முடித்து நிற்கும்போது எடை முழுக்க முன்காலில் இருக்கிறதா, பின்கால் நுனிவிரலில் நிற்கிறதா என்று பார்ப்பது. தாளமும் முக்கியம். நல்ல ஆட்டக்காரர்களின் பின்வீச்சு நேரம் முன்வீச்சைப் போல சுமார் மூன்று மடங்கு இருப்பதை ஜான் நோவோசெல் வீடியோ ஃபிரேம்களை எண்ணிக் காட்டினார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டு அடிக்கிறேன், பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. இன்னொன்று: ரேஞ்சில் விரிக்கும் பாயை நம்பாதீர்கள். பந்துக்குப் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய் நல்ல அடி மாதிரி காட்டிவிடும். புல்லில் அதே அடி பாதி தூரம்கூடப் போகாது.

கருவியிலும் விஷயம் இருக்கு. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இன்ஜினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹெய்ம், பிறகு பிங் கம்பெனியை ஆரம்பித்தவர், எடையைக் கிளப்பின் விளிம்புகளுக்குத் தள்ளினார். நடுவில் படாத அடியிலும் முகம் திரும்புவது குறைந்தது. ஹோகன் காலத்து பிளேடில் இந்தக் கருணை கிடையாது.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு சோதனை பாக்கி. 4, 5, 6 மூன்றிலும் பத்துப் பத்து பந்து அடித்து, தரையில் விழுந்த இடத்தை மட்டும் குறித்தேன், உருண்டதைக் கணக்கில் எடுக்கவில்லை. 6-க்கும் 5-க்கும் நல்ல இடைவெளி இருந்தது. 5-க்கும் 4-க்கும் கிட்டத்தட்ட இல்லை. அப்படி வந்தால் குறை உங்கள் வீச்சில் அல்ல, வேகத்தில். என் பையில் 4-அயர்ன் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஹைபிரிட் இருக்கிறது. 5-அயர்னை மட்டும் விடவில்லை, அது இப்போ பத்துக்கு ஆறு ஏழு தடவை பேச்சைக் கேட்குது.