கதிர்ச்சிகிச்சை ஏன் ஒரே நாளில் முடிவதில்லை?

குரல்வளைப் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெறுபவர் வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் ஆறேழு வாரங்கள் வைத்தியசாலைக்குச் செல்கிறார். ஒவ்வொரு நாளும் கதிர் படுவது சில நிமிடங்களே. அப்படியாயின் முழு அளவையும் ஒரே நாளில் கொடுத்தால் என்ன?

“கதிர்கள் புற்றுநோய்க் கலங்களைச் சுட்டெரிக்கின்றன” என விடை எழுதும் மாணவர் பலர். இது பிழை. கணித்துப் பாருங்கள். 1 கிலோகிராம் இழையம் 1 யூல் சக்தியை உறிஞ்சினால் அந்த அளவு 1 கிறே ஆகும். சிகிச்சையின் மொத்த அளவு 70 கிறே எனக் கொள்வோம். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு, பாகைக்கு 4200 யூல். எனவே 70 யூல் சக்தியால் 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலை உயர்வது 1 பாகை செல்சியசின் அறுபதில் ஒரு பங்குதான். ஒரு மிடறு தேநீர் தொண்டையை இதைவிட அதிகம் சூடாக்கும்!

கதிர் செய்வது வேறு வேலை. அது அணுக்களை அயனாக்கி, கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. அறுபட்ட கலம் பிரிய முற்படும்போது இறக்கிறது. அருகிலுள்ள நல்ல கலங்களும் பாதிக்கப்படவே செய்யும். ஆனால் அவை சில மணித்தியாலங்களில் தம்மைப் பெருமளவு திருத்திக்கொள்கின்றன. புற்றுநோய்க் கலங்களுக்கு அத்திறன் குறைவு. ஆகவே நாளுக்கு 2 கிறே வீதம் 35 நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பாரிஸ் ரேடியம் நிறுவகத்தின் ஆன்ரி கூத்தார் இம்முறையால் முற்றிய குரல்வளைப் புற்றுநோயும் குணமாவதை 1922 இல் எடுத்துக்காட்டினார்.

இடையில் நாட்களைத் தவறவிடுவது ஆபத்தானது. தப்பிய புற்றுநோய்க் கலங்கள் அந்த இடைவெளியில் மீண்டும் பெருகும். வாய் உலர்ந்து, விழுங்க வலித்து, தோல் சிவக்கும் வாரங்களில்தான் நோயாளி சிகிச்சையை நிறுத்த எண்ணுவார். வீட்டார் துணைநிற்க வேண்டிய காலம் அது.

குரல் நாணில் சிறு கட்டி தோன்றினாலும் குரல் கரகரக்கும். மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கரகரப்பை, சிறப்பாகப் புகைபிடிப்பவர்கள், வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் குரல்வளையை அகற்றாமல், குரலையும் காத்துக் குணப்படுத்த இயலும்.

பரீட்சையில் அடிக்கடி தவறும் இன்னோரிடம்: வெளியிலிருந்து கதிர் செலுத்தப்பட்ட நோயாளி கதிர்த்தொழிற்பாடு உடையவராவதில்லை. கோபாற்று 60 பயன்படுத்தினாலும் அம்மூலகம் பொறியினுள்ளேயே இருக்கும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் தாய் அன்றே தன் குழந்தையைத் தூக்கலாம்.