கண்புரை அறுவை சிகிச்சை: ஃபேகோவா, சிறு வெட்டு முறையா?

"புரை நல்லா முத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பல வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். பெரிய வெட்டு, தையல், தடிமனான கண்ணாடி என்றிருந்த காலத்துப் பேச்சு அது. இப்போது, படிப்பது, சமைப்பது, சாலையைக் கடப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பார்வை தடையாக இருந்தாலே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். அதிகம் முற்றவிட்டால் புரை கடினமாகிவிடும். கண் அழுத்தம் ஏறவும் வாய்ப்புண்டு.

ஃபேகோ முறை

கருவிழியின் ஓரத்தில் 2 முதல் 3 மி.மீ. அளவில் ஒரு வெட்டு. அதன் வழியே மீயொலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, மடித்த லென்ஸை உள்ளே விரிக்கிறார்கள். பொதுவாகத் தையல் கிடையாது. இதைத்தான் பலர் 'லேசர் ஆபரேஷன்' என்கிறார்கள். ஆனால் வழக்கமான ஃபேகோவில் புரையை உடைப்பது லேசர் அல்ல, ஒலி அலை.

சிறு வெட்டு முறை

கண்ணின் வெள்ளைப் பகுதியில் 6 முதல் 7 மி.மீ. அளவில் சுரங்கம்போல வெட்டி, புரையை முழுதாக வெளியே எடுத்து லென்ஸ் வைக்கிறார்கள். வெட்டு தானாகவே மூடிக்கொள்ளும். பெரும்பாலும் இதற்கும் தையல் தேவையில்லை. விலை உயர்ந்த இயந்திரமும் வேண்டாம்.

எது நல்லது?

ஃபேகோவில் பார்வை சீக்கிரம் தெளியும். வெட்டினால் வரும் பார்வைக் கோணலும் குறைவு. மிகவும் கடினமான, வெளுத்த புரைக்குச் சிறு வெட்டு முறையை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். நேபாளத்தில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், ஆறு மாதம் கழித்து இரண்டு முறைகளிலும் பார்வை ஏறக்குறைய சமமாகவே இருந்தது. அதனால் 'நமக்கு மட்டமான ஆபரேஷன் பண்ணிட்டாங்களோ' என்ற கவலை வேண்டாம்.

லென்ஸ் விஷயம்

ஒற்றைக் குவிய லென்ஸ் தூரப் பார்வைக்குப் போதும். படிக்கக் கண்ணாடி தேவைப்படும். பல குவிய லென்ஸில் கண்ணாடித் தேவை குறையும், ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். இரவில் வண்டி ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். வைத்த லென்ஸை வழக்கமாக மாற்ற வேண்டியதில்லை. சில மாதங்களிலோ வருடங்களிலோ லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கினால், அதைச் சரிசெய்யத்தான் லேசர்; சில நிமிட வேலை.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்

• சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தால்.
• ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால். நீங்களாக நிறுத்தாதீர்கள்.
• புராஸ்டேட் பிரச்சினைக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிட்டால், முன்பு சாப்பிட்டிருந்தாலும். அது அறுவை சிகிச்சையின்போது கண்ணின் பாப்பாவைச் சுருங்கச் செய்யும். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

சிகிச்சைக்குப் பின் வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, தெளிந்த பார்வை மீண்டும் மங்கினாலோ அது கிருமித்தொற்றாக இருக்கலாம். 'நாளைக்குப் போகலாம்' என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு நாள் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடும்.

அரசு மருத்துவமனைகளில் லென்ஸுடன் இந்தச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.